கொல்லைப்புறத்தில் ஒரு செங்கல் பாதை

வரலாறு என்றதும் கோபுரமும் கல்வெட்டும் செப்பேடும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. மம்சாபுரத்தில் எங்கள் வீட்டின் பின்கட்டிலிருந்து கிணற்றடி வரை 33 அடி நீளத்துக்குப் போடப்பட்ட ஒரு செங்கற்பாதைக்கும் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவலாம். நியாயமான வினாதான். வேலையைத் தொடங்கியபோது எங்களுக்கும் அப்படியொரு தொடர்பு இருப்பதாகத் தோன்றவில்லை. ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் மண்ணிலும் சுண்ணாம்புத் தூளிலும் புரண்டெழுந்த பிறகுதான் தெரிந்தது. அதனையே இங்குப் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

மம்சாபுரம், இராஜபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் அருகில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டிய பேரூர். விருதுநகர் மாவட்டம் வறண்ட பூமி என்று பெயரெடுத்தது. மலையடிவாரத்து ஊர்கள் மட்டும் கண்மாயும் தோப்புமாகக் கொஞ்சம் பசுமை காட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் எங்கள் கொல்லைப்புறம் முழுவதும் களிச்சேறாகிவிடும். சென்ற ஐப்பசியில் கிணற்றடிக்குப் போன எங்கள் தாயார் அச்சேற்றில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை என்பது எங்கள் நற்பேறு. ஆனால் அதன்பின் அவர் கிணற்றடிப் பக்கமே போகவில்லை. தாம் நட்டு வளர்த்த முருங்கையையும் மல்லிகைப் பந்தலையும் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார். 76 வயதில் ஒருவருடைய உலகம் 33 அடி சுருங்கிப் போவது சிறிய செய்தியன்று. பாதை போட்டே ஆகவேண்டும் என்று முடிவெடுத்தோம்.

"சிமெண்டுத் தளம் போட்டுவிடுங்கள், ஒரே நாளில் வேலை முடிந்துவிடும்" என்றார்கள் நண்பர்கள். எங்களுக்கு அதில் மனம் செல்லவில்லை. கிணற்றை ஒட்டிய நிலத்தைச் சிமெண்டால் மூடினால் மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் வழிந்து தெருவுக்கு ஓடும். மணற்படுகையின்மேல் பதித்த செங்கற்களோ இடுக்குகளின் வழியே நீரை உள்ளே விடும். எங்கேனும் ஒரு கல் தாழ்ந்துபோனால் அதை மட்டும் பெயர்த்து, அடியில் கைப்பிடி மணலிட்டு மீண்டும் பதிக்கலாம். சிமெண்டில் விரிசல் கண்டால் விரிசலோடு வாழ வேண்டியதுதான்! நிழல் விழும் இடத்தில் செங்கல்லிலும் பாசி பிடிக்கும் என்பது உண்மையே. மாதம் ஒருமுறை தென்னை விளக்குமாற்றால் தேய்த்துவிட்டால் தீர்ந்தது என்று எண்ணிக்கொண்டோம்.

செங்கல்லுக்கு எங்கே போவது? சூளையில் சொல்லிவைக்கலாம் என்றிருந்தபோது, அடுத்த தெருவில் பாட்டனார் கட்டிய பழைய வீடு நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த அவ்வீட்டின் மேற்குச் சுவர் அதே ஐப்பசி மழையில் சரிந்திருந்தது. இனி அதைத் தாங்கிப் பிடிக்க வழியில்லை. முழுவதும் இடித்து, இடிபாட்டை அள்ளிப் பள்ளத்தில் கொட்டுவதற்கு டிராக்டருக்குப் பேசியும் ஆகிவிட்டது. பார்வையிட வந்த கொத்தனார், சரிந்து கிடந்த சுவரிலிருந்து ஒரு கல்லை உருவித் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதப் போயி பள்ளத்துல கொட்டச் சொல்லுதீங்களே சார்! இது சுண்ணாம்புக் கட்டு. கல்லெல்லாம் முழுசு முழுசா வரும். சிமெண்டுக் கட்டா இருந்தாத்தான் ஒண்ணும் தேறாது."

அவர் ஒரு வரியில் சொல்லிச் சென்றதை நாங்கள் பல நாள் எண்ணிப் பார்த்தோம். சுண்ணாம்புக் காரை செங்கல்லைக் காட்டிலும் மென்மையானது. சுத்தியலால் மெல்லத் தட்டினால் காரை உதிரும்; கல் பிழைத்துக்கொள்ளும். சிமெண்டுச் சாந்தோ நாட்டுச் செங்கல்லைவிடக் கடினமானது. பிரிக்க முயன்றால் முதலில் உடைவது கல்தான். சிமெண்டால் கட்டிய சுவர் விழும்போது அதன் செங்கற்களும் பெரும்பாலும் அதனோடு மடிகின்றன. சுண்ணாம்பால் கட்டிய சுவரின் செங்கற்களுக்கு அடுத்த பிறவி உண்டு.

இவ்விணை நமக்கு மிகப் பழையது. கீழடியில் கிடைத்த கட்டுமானப் பொருள்களை ஆய்ந்தவர்கள் செங்கல்லோடு சுண்ணாம்புச் சாந்தையும் கண்டனர். எங்கள் ஊரிலிருந்து சிறிது தொலைவே பயணம் செய்தால் கண்ணில் படும் திருவில்லிபுத்தூர் வடபத்திரசாயி கோயிலின் இராசகோபுரமும் இவ்விரண்டின் படைப்பே. 11 நிலைகளும் 192 அடி உயரமும் உடையது என்று சொல்லப்படும் அக்கோபுரத்தின் அடித்தளம் கருங்கல். அதற்குமேல் எழுவது செங்கல்லும் சுண்ணாம்பும். நம் நாட்டுப் பெருங்கோபுரங்கள் பலவற்றின் அமைப்பும் இதுவே. கல்லின்மேல் கல்லையே அடுக்கிக்கொண்டு போனால் அடித்தளத்தின் மீது ஏறும் பாரம் மிகப் பெரிது. செங்கல் அப்பாரத்தைக் குறைக்கிறது. சுதைச் சிற்பங்கள் நெருங்காத அக்கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் நாம் அதைக் கல்லாகவே நினைத்துக்கொள்கிறோம். வண்ணப் பூச்சுக்கு உள்ளே இருப்பது கண்மாய் மண்ணைப் போன்ற மண்ணைப் பிசைந்து, அச்சில் வார்த்து, நெருப்பிலிட்ட கட்டிகள் என்று எத்தனை பேர் நினைக்கிறோம்?

டிராக்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதல் ஞாயிற்றுக்கிழமை செங்கல் பொறுக்கப் போனோம். நல்ல கல்லைத் தேர்ந்தெடுக்கக் கொத்தனார் கற்றுக்கொடுத்த சோதனைகள் எளியவை. இரண்டு கற்களை ஒன்றோடொன்று தட்டினால் வெண்கலம்போல் கணீரென்று ஒலிக்க வேண்டும். 'தொப்'பென்றால் சரியாக வேகாத கல். நகத்தால் கீறினால் கீறல் விழலாகாது. இடுப்பளவு உயரத்திலிருந்து தட்டையாக மண்ணில் போட்டால் உடையக்கூடாது. ஒரு நாள் நீரில் ஊறவைத்துப் பார்த்தால், உலர்ந்த நிலையில் இருந்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் கூடக்கூடாது. பாதைக்குப் போடும் கல்லுக்கு இக்கடைசிச் சோதனை மிகவும் முக்கியம். நீரை அதிகம் குடிக்கும் கல் விரைவில் மேல்தோல் உரிந்து பொரியும்.

கற்களைப் பிரித்து அடுக்க அடுக்கத்தான் அவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல என்பது தெரிந்தது. முன்கட்டுச் சுவர்களில் இருந்தவை பாட்டனார் காலத்துக் கற்கள். 8 அங்குல நீளம், 5 அங்குல அகலம், 2 அங்குலமே கனம். பின்பக்கத்து அடுக்களை 1970களில் எங்கள் தந்தையார் சேர்த்துக் கட்டியது. அங்கிருந்தவை நமக்கெல்லாம் பழக்கமான ஒன்பதுக்கு நாலரை, மூன்றங்குலக் கனம் உள்ள கற்கள். ஒன்பது, நாலரை, மூன்று என்பது பேச்சுக்கணக்கு. கையில் எடுத்து அளந்தால் கொஞ்சம் குறையும். சாந்தோ மணலோ சேர்ந்தால் கணக்குச் சரியாகிவிடும்.

பாதைக்குப் பாய்ப்பின்னல்போல் ஓர் அமைப்பு போட விரும்பினோம். இரண்டு கற்கள் நெடுக்காக, அடுத்த இரண்டு குறுக்காக என்று மாறி மாறி வரும் எளிய வடிவம் அது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கல்லின் நீளம் அகலத்தைப் போல் இருமடங்காக இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு கற்கள் சேர்ந்து ஒரு சதுரமாகும். அடுக்களைக் கற்கள் இதற்கு இணங்கின. பாட்டனார் கற்கள் இணங்கவில்லை. "இது ஜோடி சேராது சார், ஓரத்துக்கு வச்சிக்கலாம்" என்று கொத்தனார் தீர்ப்பளித்தார்.

ஜோடி சேர்வதும் சேராததும் வெறும் அழகுக் கணக்கன்று. சிந்துவெளி நகரங்களின் செங்கற்கள் கனம், அகலம், நீளம் மூன்றும் 1:2:4 என்ற விகிதத்தில் அமைந்தவை என்பதைப் பலரும் அறிவோம். அவை நம் கொத்தனாரின் சோதனையில் தேறிவிடும்! தமிழகத்தின் சங்ககால வாழ்விடங்களில் கிடைக்கும் செங்கற்களின் விகிதத்தை 1:4:6 என்று அறிஞர்கள் குறிப்பிடுவர். அகலமும் நீளமும் பெரியவை, கனம் குறைந்தவை. அக்கற்களில் இரண்டு நீளமும் மூன்று அகலமும் சமமாகும். ஆகவே அவற்றை அடுக்கும் முறையும் வேறாகத்தான் இருந்திருக்க வேண்டும். கல்லின் அளவைச் சொன்னால் கட்டியவனின் கைப்பழக்கத்தையே சொன்னது போலாகும். அகழாய்வாளர்கள் ஒரு செங்கல் கிடைத்தாலும் மூன்று பக்கமும் அளந்து குறித்துக்கொள்வதன் காரணம் இதுதான் என்பது, அளவுநாடாவும் கையுமாக இடிபாட்டின்மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

தமிழிலக்கியத்தில் செங்கல்லுக்கு இட்டிகை என்று பெயர். சுடுமண் என்ற சொல்லும் வழங்கியது. பெரும்பாணாற்றுப்படையில் கச்சி நகரைப் பாடவந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார் சுடுமண்ணால் உயர்ந்த மனைகள் நிறைந்த நகராக அதனைக் காட்டுகிறார். அகநானூற்றின் 167ஆம் பாடலும் அவர் பெயரிலேயே உள்ளது. அதில் வருவது பாழடைந்த ஒரு பொதியில். இட்டிகைச் சுவரின்மீது இருந்த விட்டம் வீழ்ந்துவிட்டது, மாடப்புறாக்களும் விட்டகன்றன, எழுதப்பட்டிருந்த கடவுளும் நீங்கிவிட்டது, பலியிடுவார் இல்லை, திண்ணை மெழுகுவார் இல்லை. ஓங்கி நிற்கும் செங்கல்லையும் சரிந்து கிடக்கும் செங்கல்லையும் ஒரே புலவர் பாடியிருக்கிறார். வகுப்பறையில் இவ்விரண்டு பாடல்களையும் தனித்தனியே பலமுறை நடத்தியிருக்கிறோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு வீடு இடிந்து விழவேண்டியிருந்தது.

கல்லாலான கோயில்களுக்கு முன் நம் நாட்டில் செங்கல்லும் மரமுமே கோயிலின் உடலாக இருந்தன. மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் வெட்டுவித்த 7ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் இக்கோயிலை எடுத்ததாகப் பெருமிதம் கொள்கிறது. இவையின்றிக் கட்டியது பெருமைக்குரிய புதுமை என்றால், இவற்றால் கட்டுவதுதான் அதுவரை ஊர்வழக்கம் என்பது பெறப்படும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் வெளிப்பட்ட கல்வெட்டுகளைத் தொடர்ந்து, 2005 முதல் இந்தியத் தொல்லியல் துறை அங்கு அகழ்ந்தது. பல்லவர் காலக் கோயிலின் அடியில் அதனினும் பழமையான செங்கற்கோயில் ஒன்று கண்டறியப்பட்டது. மணல் மூடிக் காத்ததால் அது நமக்குக் கிடைத்தது. மண்ணுக்கு மேலே நின்றிருந்த பழைய செங்கற்கோயில்கள் எங்கே போயின? மழை கரைத்தது சில. மரவேர் பிளந்தது சில. கற்றளியாக மாறியவை சில. மற்றவை மனிதரின் கையால் போயின. இதற்கான சான்றைத் தேடி நாங்கள் நெடுந்தொலைவு போக நேரவில்லை. பாட்டனார் வீட்டுக் கிணற்றடியிலேயே அது கிடந்தது.

இரண்டாம் ஞாயிறன்று அங்கிருந்த துவைகல்லைப் பெயர்த்தோம். அதற்கு அண்டை கொடுத்து மூன்று செங்கற்கள் இருந்தன. மற்ற எதனோடும் அவை பொருந்தவில்லை. நீளம் ஓரடிக்கும் மேல். அகலம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. கனம் இரண்டரை அங்குலம். ஒன்றைத் தூக்கவே இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. கொத்தனார் உற்சாகமாகிவிட்டார். "சார், இத மூணையும் பாதையோட தலைமாட்டுல படிக்கல்லாப் போட்டுருவோம். நூறு வருசத்துக்கு அசையாது."

மாலையில் தாயாரிடம் விசாரித்தோம். "எய்யா, அது உன் தாத்தா காட்டுல உழுகும்போது கெளம்புன கல்லு. மேடு ஒண்ணு இருந்துச்சாம். தோண்டத் தோண்ட வண்டி வண்டியா வந்துச்சாம். கெணறு வெட்டுனப்ப எல்லாத்தையும் கொண்டாந்து சுவரு கட்டிட்டாக. நான் வாக்கப்பட்டு வந்தப்பவே மேடெல்லாம் கெடையாது" என்றார்.

அன்றிரவு எங்களுக்குச் சரியாக உறக்கம் வரவில்லை. ஏனெனில் இக்கதையை நாங்கள் முன்பே அறிவோம். வேறு ஊர்களின் பெயரில்!

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டின் ஆற்றங்கரையில் வெளித்தெரிந்த பெரிய பழஞ்செங்கற்களை ஊரார் எடுத்துச் செல்வதை, 18ஆம் நூற்றாண்டில் அங்குச் சென்ற பிரெஞ்சு வானியல் அறிஞர் லெ ஜெந்தீல் குறித்து வைத்தார். உரோமானியரோடு வணிகம் செய்த துறைமுகப்பட்டினம் அது என்று உலகம் உணர்வதற்கு இன்னும் நெடுங்காலம் இருந்தது. மார்ட்டிமர் வீலர் அங்கு முறையாக அகழ்ந்தது 1945இல். இடைப்பட்ட காலத்தில் எத்தனை சுவர்கள், யார் யார் வீட்டு அடுப்படிக்கும் கிணற்றுக்கும் போயினவோ!

இதனினும் பெரியது அரப்பாவின் கதை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலாகூருக்கும் முல்தானுக்கும் இடையே இருப்புப்பாதை அமைத்தவர்களுக்குத் தண்டவாளத்தின் அடியில் கொட்டச் சரளை தேவைப்பட்டது. அருகிலிருந்த அரப்பாவின் மேடுகள் முழுவதும் நன்கு வெந்த செங்கற்கள். வெட்டி எடுத்து உடைத்துக் கொட்டினார்கள். சுமார் 100 மைல் பாதைக்குப் போதுமான அளவுக்கும் மேலாகவே அங்கிருந்து செங்கல் எடுக்கப்பட்டது என்று அலெக்சாண்டர் கன்னிங்காம் எழுதியிருக்கிறார். அது எக்காலத்து நகரம் என்று அவருக்கே தெரியாது. 1921இல் தயாராம் சாகினி அகழாய்வைத் தொடங்கி, 1924இல் சர் ஜான் மார்ஷல் சிந்துவெளி நாகரிகத்தை உலகிற்கு அறிவித்தபோது, அந்நகரின் ஒரு பெரும்பகுதி புகைவண்டிகளின் அடியில் தூளாகக் கிடந்தது. உலகின் மிக நீண்ட செங்கற்பாதைகளுள் அதுவும் ஒன்று என்று சொல்லத் தோன்றுகிறது. சொல்லத்தான் மனம் வரவில்லை.

அந்தப் பொறியாளர்களைப் பழித்து வகுப்பில் நாங்கள் பலமுறை பேசியதுண்டு. இப்போது பழிப்பதற்கு வாய் எழவில்லை. எங்கள் பாட்டனார் கெட்டவர் அல்லர். பஞ்சம் பார்த்த தலைமுறை. நிலத்தில் கிணறு வேண்டும், கிணற்றுக்குச் சுவர் வேண்டும். உழும்போது கல் கிளம்பியது, எடுத்துக் கட்டினார். அக்கிணற்றின் நீரைக் குடித்துத்தான் எங்கள் தந்தையார் வளர்ந்தார். அந்த மேட்டில் என்ன இருந்தது என்று இனி எவராலும் சொல்ல முடியாது. பழைய குடியிருப்பா, கோயிலா, கைவிட்ட சூளையா? செங்கல்லின் அளவை மட்டும் வைத்துக்கொண்டு காலம் கணிப்பது பிழை. பெரிய கற்கள் பிற்காலத்திலும் வார்க்கப்பட்டன. அது எந்த மண்ணடுக்கில் கிடந்தது, அருகே என்ன பானையோடு கிடைத்தது, எந்தக் காசு கிடைத்தது என்பவையே செங்கல்லைப் பேசவைக்கும். இடத்தை விட்டுப் பெயர்த்த செங்கல் பெரும்பாலும் வாய் பேசாது. எங்களிடம் இருப்பவை அத்தகைய மூன்று ஊமைகள்.

அப்படியானால் பழையதைப் பெயர்த்துப் புதியது கட்டுவதே குற்றமா? அப்படிச் சொன்னால் எங்கள் பாதையும் குற்றம். சோழநாட்டின் கற்றளிகளும் குற்றம்! இங்கே செம்பியன் மாதேவியாரை நினைத்துக்கொண்டோம். கண்டராதித்த சோழரின் தேவியாரும் உத்தம சோழரின் தாயாருமான அப்பேரரசியார் 10ஆம் நூற்றாண்டில் பழைய கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாகப் புதுக்கினார். திருக்கோடிக்காவில் கோயிலைக் கற்றளியாக்கியபோது, அங்கிருந்த பழங்கல்வெட்டுகளைக் கைவிட்டுவிடாமல் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார். இது பழைய கல்லின் படி என்று கல்வெட்டே சொல்லிவிடுகிறது. பழைய கொடைகளின் செய்தி நமக்கு இன்று கிடைப்பது அந்த ஓர் ஆணையால். இடிப்பதற்குமுன் படித்தார், படித்ததை எழுதிவைத்தார். எங்கள் பாட்டனாரும் இருப்புப்பாதைக்காரர்களும் செய்யத் தவறியது இந்த ஒன்றைத்தான்.

மூன்றாம் ஞாயிறு பாதை வேலை நடக்கவில்லை. எஞ்சி நின்ற வீட்டை வரைந்தோம். எந்தச் சுவர் எத்தனை அடி, எத்தனை அங்குலக் கனம், எங்கே மாடக்குழி, எங்கே நெற்குதிர் இருந்தது, எந்தக் கட்டில் எவ்வளவு கல் என்று நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதினோம். மாடக்குழியின் விளக்குப் புகைக்கரி வரையில் படம் பிடித்தோம். தாயாரை நாற்காலியில் அமர்த்தி அழைத்துச் சென்றோம். பேறுகாலம் பார்த்த அறை, தானியம் அளந்த இடம், விருந்தினர் படுத்த திண்ணை என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, எங்கள் மகள் எழுதிக்கொண்டாள். கொத்தனார் பொறுமையாகப் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அன்றைய கூலியை நாங்கள் குறைக்கவில்லை.

நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் பாதை உருவாயிற்று. செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். செய்ய நினைப்போருக்கு உதவும். நூல் பிடித்து 33 அடி நீளமும் 3 அடி அகலமுமாகக் குறித்து 8 அங்குல ஆழம் தோண்டினோம். அடியில் 4 அங்குலம் சரளை பரப்பி, நீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்தோம். அதன்மேல் ஒன்றரை அங்குலம் சலித்த மணல். அதன்மேல் மூன்றங்குலக் கல் அமரும்போது பாதை தரைமட்டத்துக்கு அரை அங்குலம் மேலே நிற்கும்; சேறு ஏறாது. குறுக்கே முக்கால் அங்குலச் சாய்வு கொடுத்து, மழைநீர் மல்லிகைப் பாத்திப் பக்கம் வடியுமாறு செய்தோம். அகலத்துக்கு நான்கு சதுரம், நீளத்துக்கு நாற்பத்து நான்கு. ஆக 176 சதுரங்கள், 352 கற்கள். அடுக்களைச் சுவர்கள் அத்தனையையும் கொடுத்துவிட்டன. இருமருங்கிலும் பாட்டனார் காலத்து மெல்லிய கற்களைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிடித்தோம். ஓரம் இறுக்கமாக இல்லாவிடில் நடக்க நடக்கப் பாதை இருபுறமும் விரிந்து குலைந்துவிடும். நடுவில் உள்ள கற்களுக்குச் சாந்து இல்லை. உலர்ந்த மணலைக் கொட்டி இடுக்குகளில் புகுமாறு பெருக்கித் தள்ளினோம். அவ்வளவே. ஓரத்துக்கும் சுண்ணாம்பையே தேர்ந்ததன் காரணத்தை வாசகர்கள் ஊகித்திருப்பீர்கள். நாளை எங்கள் மகளோ அவள் மக்களோ இக்கற்களைப் பெயர்க்க நேர்ந்தால் அவை முழுதாக வரவேண்டும்.

அந்த மூன்று பெரிய கற்களையும் பாதையில் பதிக்கவில்லை. கொத்தனாருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். அவை கிடைத்த கிணற்றடி, அவை வந்ததாகச் சொல்லப்படும் காடு, அளவுகள், தாயாரின் வாய்மொழி எல்லாவற்றையும் எழுதித் தொல்லியல் அலுவலருக்குத் தெரிவித்திருக்கிறோம். ஒன்றுமில்லாத கற்களாகவும் இருக்கலாம். ஒன்றுமில்லை என்பதையும் அறிந்தவர் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை திண்ணையின் உட்பக்கம், மழை படாத இடத்தில், மூன்றும் நோட்டோடு சேர்ந்திருக்கின்றன. பழைய கிணற்றுச் சுவரை இடிக்கும் எண்ணத்தையும் கைவிட்டோம். அதற்குள் இன்னும் எத்தனை கற்கள் உள்ளனவோ. அவை இருக்குமிடத்திலேயே இருக்கட்டும்.

சித்திரையில் ஒரு கோடைமழை பெய்தது. இடியோடு வந்து ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. வெறித்ததும் போய்ப் பார்த்தோம். தோட்டமெல்லாம் சேறு, பாதையில் மட்டும் நீர் தேங்காமல், கற்கள் நனைந்து சிவந்து கிடந்தன. தாயார் பின்கட்டு வாசலுக்கு வந்து நின்றார். நாங்கள் கையைப் பிடிக்கப் போனோம், வேண்டாம் என்றார். ஒவ்வோர் அடியாக வைத்து நடந்தார். பாதி வழியில் நின்று குனிந்து பார்த்தார். ஒரு கல்லின் ஒருபுறம் மட்டும் கறுத்திருந்தது. மழையில் கழுவப்பட்டும் அக்கறுப்பு போகவில்லை.

"இது அடுப்பங்கரைச் சுவத்துக் கல்லுல்ல எய்யா?" என்று கேட்டார். ஆமென்றோம். "மேல காலை வைக்க ஒரு மாதிரியா இருக்கு" என்று சொல்லிச் சற்று நின்றார். பிறகு அக்கல்லை மட்டும் தாண்டிக் கிணற்றடிக்குப் போனார்.

மறுநாள் அக்கல்லைப் பெயர்த்துப் புரட்டிப் போட்டுவிடலாமா என்று கேட்டோம். வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்றார். நோட்டில் அதற்கும் ஒரு வரி எழுதிவைத்தோம்.